பிறவ் லின்டமனுக்கு ஒரு வாழ்த்துமடல்

ஜெர்மனியில் ஹம் நகரத்துத் தமிழர் வீடுகளில் சோபாவுக்கு மேலே ஒன்று கட்டாயம் தொங்கும். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல். கலியாணமோ, அறுபதாம் பிறந்தநாளோ, எதுவென்றாலும் மேடையில் ஒருவர் எழுந்து அதை உரத்து வாசிப்பார். பிறகு பொன்னாடை, பிறகு படப்பிடிப்பு, அதற்குப் பிறகுதான் சோறு. எங்கள் ஊர் மடல்களில் பாதிக்கு மேல் இராசலிங்கம் அண்ணை எழுதியவை. அவருடைய கவிதையில் நிலவு வராமல் போனதை நான் ஒருநாளும் கண்டதில்லை. மணமகள் என்றால் வளர்நிலவு, அறுபது வயதுக்காரர் என்றால் தேயாத நிலவு. எங்கள் சோபாவுக்கு மேலேயும் ஒன்று தொங்குகிறது. அதில் நானும் நிலவுதான், என் கணவர் அல்பேர்ட் அந்த நிலவைத் தேடி வந்த முகில். முகிலுக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு கார்த்திகையில், முதன்முறையாக ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு வாழ்த்துமடல் கொடுப்பதென்று எங்கள் சங்கம் முடிவெடுத்தது. அவர் பிறவ் லின்டமன். பெண்களைப் பிறவ் என்றும் ஆண்களை ஹெர் என்றும்தான் இங்கே மரியாதைக்கு அழைப்பார்கள். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் அகதிகள் ஆலோசனை அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஓய்வு பெற்று, வடக்கே கடலோரத்தில் இருக்கும் தங்கையின் வீட்டோடு போகப் போகிறார் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அதற்கு முதல்நாள் மாலை, கோயில் மண்டபத்தில் பிரிவுபசாரம்.

மடலை மேடையில் வாசிப்பவள் நான் என்று முடிவானது. பூசைக்குரிய பாட்டுத் தாள்களைப் பத்து வருடமாக நான்தான் கம்பியூட்டரில் அடித்துக் கொடுக்கிறேன். அதனால் எனக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு பெயர். அதைவிட வேறொரு காரணமும் இருந்தது. அது அல்பேர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் அல்பேர்ட்டுக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் அப்போது மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பிறவ் லின்டமனிடம் ஓடினேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு என்னோடு கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த கிழமை வாருங்கள் என்றார் அதிகாரி. பிறவ் லின்டமன் குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்கு நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே நடைவழியான ஓடையில் இருந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். உள்ளே வெண்ணெய் பூசிய கறுத்தப் பாண், நடுவே சீஸ். அதைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தார். எனக்கு அந்த நாட்களில் சீஸ் மணம் வயிற்றைக் குமட்டும். ஆனாலும் ஒரு துணிக்கை விடாமல் தின்றேன். அலுவலகம் பூட்டும் நேரத்தில் அந்த அதிகாரியே வெளியே வந்து, சரி, உங்கள் கடிதக் கோவையைத் தாருங்கள் என்றார். அல்பேர்ட் இன்றைக்கும் என் சோபாவில் படுத்துக் குறட்டை விடுகிறார் என்றால் அதற்குக் காரணம் அந்த மனுசிதான்.

அந்த வாங்கில் இருந்தபோது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "உங்கள் மொழியில் டங்கே என்பதற்கு என்ன சொல்வீர்கள்?"

"நன்றி. ஆனால் நாங்கள் அதைச் சொல்வதில்லை" என்றேன்.

"ஏன்?"

எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மனில் அதை விளக்க முடியவில்லை. வீட்டு ஆட்களுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அது மேடையில் ஒலிவாங்கி பிடித்தவன் சொல்லும் சொல். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாணைத் தின்றார். அதன் பிறகு எத்தனையோ முறை அவரிடம் போனேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்கு, விசாவுக்கு. ஒவ்வொரு முறையும் டங்கே என்று சொன்னேன். பேருந்துச் சாரதிக்கும் பேக்கரிக்காரிக்கும் சொல்லும் அதே டங்கே. அவருக்கு அது போதாது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் உறுத்தும். அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன் ஒருதரமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

இந்த நேரம் பார்த்து இராசலிங்கம் அண்ணை தங்கை மகளின் கலியாணத்துக்காக ரொறன்ரோவில் நின்றார். கவிதையை அங்கேயே எழுதி, அங்கேயே அடித்து, பூவேலை செய்த ஓரமும் வைத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மற்றவர்கள் பயணம் போகும்போது பாஸ்போட்டை மறக்கமாட்டார்கள், அவர் பாமினி எழுத்துருவை மறக்கமாட்டார். அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார். பாமினி இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கம்பியூட்டரில் தமிழே இல்லை. ஆங்கில விசைகளைத்தான் அடிப்போம், பாமினி அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கோப்பைத் திறந்தேன். திறக்கவில்லை. எங்கள் பழைய வேர்ட் சின்னச் சின்னப் பெட்டிகளையும் கேள்விக்குறிகளையும் பக்கம் பக்கமாகக் கக்கியது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வழமையான மூன்று எழுத்துக்குப் பதிலாக நான்கு இருந்தன. ரொறன்ரோவுக்கு அழைத்தேன். பின்னால் கலியாண வீடியோ ஓடும் மேளச் சத்தம் கேட்டது.

"அண்ணை, நீங்கள் அனுப்பினது திறபடேல்லை!"

"அது புது வேர்ட், பிள்ளை. ரெண்டாயிரத்தேழு. நீங்களும் கொஞ்சம் முன்னேற வேணும்."

"முன்னேறுறது பிறகு. பழைய வேர்டில மாத்தி அனுப்புங்கோ."

"ஏலாது. கம்பியூட்டர் மாப்பிளையின்ரை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஹனிமூன் போட்டார்."

"ஹனிமூனுக்குக் கம்பியூட்டர் என்னத்துக்கு அண்ணை?"

"அதை நான் கேக்கேலுமோ?"

கவிதையைத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். கையால் எழுதவில்லை, நேரே அடித்தது, முதல் அடியைத் தவிர மற்றது மனதில் இல்லை என்றார். முதல் அடி எதைப் பற்றியது என்று நான் கேட்கவேயில்லை.

அல்பேர்ட் சோபாவிலிருந்து எழும்பாமலே ஒரு யோசனை சொன்னார். "நீர் ஒண்டை எழுதுமன்."

"எனக்குக் கவிதை வராது."

"கவிதை ஆர் கேட்டது? நடந்ததை எழுதும்."

"நடந்ததைக் கண்ணாடி போட்டுக் குடுக்கேலுமோ? நீர் சும்மா படுத்திரும்." கோபத்தில் அவருடைய தேத்தண்ணீரையும் நானே குடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. போகும் வழியில், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ஹெர் குறூகரின் பிரதிக் கடை இருக்கிறது. எங்கள் பாட்டுத் தாள்களை வழமையாக அங்கேதான் கொடுப்போம், நான் வீட்டில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போவேன், அவர் பிரதி எடுத்துத் தருவார். ஹெர் குறூகர் கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். கடதாசி வெட்டும் மேசையில் விழும் துண்டுகளைக்கூடக் குறிப்பெழுதச் சேர்த்து வைப்பார். அவரிடம் புது வேர்ட் இருக்கும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அண்ணையின் கோப்பைப் போட்ட என் பென்டிரைவை நீட்டினேன்.

"இதைத் திறக்க முடிந்தால் நல்ல தடித்த தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, பரிசுத் தாளில் சுற்றி வையுங்கள். மூன்று மணிக்கு வருவேன். முடியாவிட்டால்..." முடியாவிட்டால் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

பத்து மணி இடைவேளையில் அழைத்தேன். "திறந்துவிட்டது!" என்றார் ஹெர் குறூகர். "போன கிழமை ஒரு சஞ்சிகையோடு ஓர் இலவசக் குறுந்தட்டு வந்தது. ஓப்பின் ஒபிஸ், புதுப் பதிப்பு. வேர்டுக்குக் காசு கொடுக்க எனக்கென்ன விசரா? எல்லாம் அழகாக வந்திருக்கிறது. பூ, ஓரம், மேலே பிறவ் லின்டமனின் பெயர், எல்லாம்."

சமையலறையில் நின்று தாளிக்காத சூப்புக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோசம். மூன்று மணிக்குப் போனபோது ஹெர் குறூகர் பொன்னிறத் தாளில் சுற்றி, சிவப்பு நாடாவும் கட்டி வைத்திருந்தார்.

"ஒரு விசயம்" என்றார் அவர். "உங்கள் மொழியில் அரைப்புள்ளி மிக அதிகம்."

"யா, யா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். அவசரத்தில் இருக்கும் மனிதருக்கு அவருடைய பகிடி ஒரு கேடு என்றுதான் நினைத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கமலநாயகி அக்கா வடையும் உருளைக்கிழங்குச் சலாட்டும் கொண்டுவந்திருந்தா, இரண்டு நாட்டுக்கும் மரியாதையாக. பிறவ் லின்டமன் முன்வரிசையில் கம்பளிச் சட்டையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் குளிருக்குப் போர்த்தியது என்று நினைத்து நன்றாக இழுத்து மூடிக்கொண்டார். பிறகு என் முறை. எல்லாருக்கும் முன்னால் நாடாவை அவிழ்த்து, பொன்னிறத் தாளைக் கிழித்தேன்.

மேலே அவர் பெயர் ஜெர்மன் எழுத்தில் தெளிவாக இருந்தது. பூவும் ஓரமும் இருந்தன. நடுவே தமிழ் இல்லை. ஒரு எழுத்துக்கூட இல்லை. முதல் வரியில் இப்படி இருந்தது: ghy; epyNt.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ஹெர் குறூகரின் இலவச மென்பொருள் கோப்பைத் திறந்துவிட்டது, ஆனால் அவருடைய கம்பியூட்டரில் பாமினி எங்கே இருக்கப் போகிறது? சட்டையில்லாத விசைகள் அம்மணமாக நின்றன. கோப்போடு எழுத்துருவையும் கொடுக்க வேண்டும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். திறக்காது திறக்காது என்று அழுதவள் திறந்த பிறகு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. பாவம் மனுசன், மெய்யெழுத்தின் புள்ளிக்கு நாங்கள் அடிக்கும் அரைப்புள்ளியை வரி வரியாகப் பார்த்துவிட்டு இதுதான் தமிழ் என்று நம்பிச் சட்டமும் போட்டுவிட்டார்.

முன்வரிசையில் என் சிநேகிதி றீற்றா சட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். நான் மூச்சை இழுத்தேன். பத்து வருடமாக இந்த விசைகளைத் தட்டிய விரல்கள் சட்டத்தின் ஓரத்தில் தாமாகவே அசைந்தன. g என்றால் ப, h என்றால் கால், y அரைப்புள்ளி என்றால் ல்.

"பால்... நிலவே" என்று வாசித்தேன். வேறு எதுவாக இருக்கும்?

மண்டபத்தில் எல்லாரும் பயபக்தியோடு கேட்டார்கள். இரண்டாம் வரியும் ஒருவாறு வந்தது. மூன்றாவதில் அண்ணை ஆறேழு சொற்களை ஒட்டி ஒரு நீளச் சொல் செய்திருந்தார். அதற்குள் கால் வைத்தேன், வெளியே வர வழி தெரியவில்லை. திக்கினேன். திரும்பவும் முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன். ஒலிவாங்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது. பிறவ் லின்டமன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், அந்த வாங்கில் இருந்து பாணைப் பிய்த்து நீட்டியபோது இருந்த அதே முகம்.

சட்டத்தை மேசையில் வைத்தேன்.

"இதில நிலவு எண்டு எழுதியிருக்கு" என்றேன். "எனக்கு நிலவைத் தெரியாது. பிறவ் லின்டமனைத் தெரியும்."

பிறகு நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன், ஓடையில் இருந்த வாங்கைச் சொன்னேன். எனக்குச் சீஸ் பிடிக்காது என்பதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பாதிப் பாணைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த வாங்கில் இருந்தவள் நான் மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அல்பேர்ட் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிவிட்டு ஜெர்மனிலும் சொன்னேன். கடைசியில் பிறவ் லின்டமனின் பக்கம் திரும்பினேன்.

"எங்கடை ஆக்களுக்கு நாங்கள் இந்தச் சொல்லைச் சொல்லிறேல்லை. நீங்கள் எங்கடை ஆள். எண்டாலும் இண்டைக்குச் சொல்லுறன். நன்றி."

அதையும் ஜெர்மனில் மாற்றிச் சொன்னேன், கடைசிச் சொல்லைத் தவிர. அதை அவருக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பொன்னாடை எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டது. நான் அழுதேன். மேடை என்றும் பார்க்கவில்லை, ஒலிவாங்கி திறந்திருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது பிறவ் லின்டமன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டத்தை மடியில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நான் வாசிக்க வேண்டும் என்று எங்கள் எழுத்தில் எழுதியிருக்கிறீர்களா?"

ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். றீற்றா மேசைக்குக் கீழே என் காலை உதைத்து அதைத்தான் சொல்லச் சொன்னாள். ஆனால் அவரிடம் நான் பொய் சொல்லிப் பழகவில்லை. ரொறன்ரோ மாப்பிள்ளையின் ஹனிமூன் தொடங்கி ஹெர் குறூகரின் அரைப்புள்ளி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வடை புரையேறிவிட்டது.

"சரியான தமிழில் அச்சடித்து உங்கள் புது விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறேன். இதைத் தந்துவிடுங்கள்" என்றேன்.

அவர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம். உங்கள் எழுத்து அழகு, ஆனால் எனக்கு அது சித்திரம்தான். இதில் நான் விரலை வைத்து எழுத்துக்களைப் பின்தொடரலாம். அந்தச் சொல் எங்கே இருக்கிறது? நன்றி?"

கடைசி வரியின் கடைசிச் சொல்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். அரைப்புள்ளியிலும் ஒருமுறை நின்றார்.

திங்கட்கிழமை ஹெர் குறூகரிடம் போனேன். விசயத்தைக் கேட்டு அவர் தலையில் கைவைத்தார். "நான் அன்றைக்கே சொன்னேனே, அரைப்புள்ளி என்று!" காசைத் திருப்பித் தரவும் வெளிக்கிட்டார். ஹெர் குறூகர் காசு திருப்பித் தருவது ஹம் வரலாற்றில் நடக்காத காரியம். நான் வாங்கவில்லை. அவர் திறந்திருக்காவிட்டால் நான் அந்த மேடையில் வெறுங்கையோடு நின்றிருப்பேன், அல்லது ஏறியே இருக்கமாட்டேன். அதைச் சொல்லி அவருக்கும் நன்றி சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, அந்தக் குறுந்தட்டைப் பிரதி எடுத்துத் தந்தார்.

"காசு?"

"இலவசம். பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்."

"யார் இதைச் செய்தது?"

"ஹம்பேர்க்கில் சில பேர், மற்ற நாடுகளிலும் பல பேர். ஒரு பெயரைச் சொல்ல முடியாது."

அன்று வீட்டில் அதைப் போட்டு அண்ணையின் கோப்பைத் திறந்தேன். வரிகளைத் தெரிவு செய்து பாமினியைக் கொடுத்ததும் தமிழ் வந்து நின்றது. முகம் தெரியாத அந்தப் பல பேருக்கும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். நிலவு, நிலவு, நிலவு என்று கேலியோடுதான் வாசித்துக்கொண்டு போனேன். நாலாவது பாட்டில் ஒரு வரி வந்தது: 'இருண்ட ஓடையில் கூட இருந்த நிலவே.' எண்பத்தொன்பதில் இங்கே வந்த இராசலிங்கம் அண்ணையும் அதே வாங்கில் இருந்திருக்கிறார். அவர் எழுதியதில் பிழையில்லை. ரொறன்ரோவுக்கு அழைத்து அதைச் சொன்னேன். "அவா எனக்குத் தந்ததும் சீஸ் பாண்தான், பிள்ளை" என்றார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை வடக்கிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கலங்கரை விளக்கத்துப் படம் போட்ட அட்டை. கடல் காற்றுப் பழகிவிட்டது, சைக்கிள் துருப்பிடிக்கிறது, மடல் சமையலறைச் சுவரில் தொங்குகிறது என்று பிறவ் லின்டமன் எழுதியிருந்தார். பெயருக்கு மேலே, ஜெர்மன்காரர் டங்கே எழுதும் இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கவனமாக வேறொன்று எழுதியிருந்தார். அரைப்புள்ளிகூடத் தப்பவில்லை.

ed;wp

அல்பேர்ட் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது? ஏதும் கோட் நம்பரோ?"

"இல்லை" என்றேன். "அவா தமிழில நன்றி எண்டு எழுதியிருக்கிறா."